தார் வருமுன்

சனிக்கிழமை ஒரு மணிக்கு
கடைசி மணிக்கட்டைப் படமெடுத்து முடித்து
ஈயக் கவசத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டு
சைக்கிளை எடுத்தேன்.
விருதம்பட்டில் தப்ரேஸ் நின்றிருந்தான்,
ஹேண்டில்பாரில் சுருட்டிக் கட்டிய கூடாரம்,
ஃபேக்டரித் தோல் வாசம் போகக் குளித்த ஈரத் தலை.
ஹெப்சிபா அரை மணி தாமதம்.
பம்ப்பைத் தேடினாளாம்.
பம்ப் அவள் முதுகுப் பையில்தான் இருந்தது.

அணைக்கட்டு தாண்டும்வரை
லாரிகள் ஹாரனால் முதுகில் அடித்துக்கொண்டே வந்தன.
ஒடுகத்தூர் டீக்கடைக்காரர் சைக்கிளின் விலை கேட்டார்.
பாதிதான் சொன்னேன்.
அதற்கே, "ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கியிருக்கலாமே" என்றார்.
"மைலேஜ் இதுதாண்ணா அதிகம்" என்றான் தப்ரேஸ்.
கடை மொத்தமும் சிரித்தது.
டீக்குக் காசு குறையவில்லை.

அதற்கப்புறம் தார் முடிந்தது.

ஜல்லி.
முக்கால் அங்குலம், ஒன்றரை அங்குலம்,
மழை மண்ணைக் கழுவிப்போன இடங்களில்
கோழி முட்டை அளவு.
இதற்காகத்தானே வந்தது.
டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு
சீட்டிலிருந்து எழுந்து நின்றோம்.
தண்ணீர் பாட்டில் இரண்டு முறை குதித்து
சீத்தாப் புதருக்குள் ஓடியது.
ஒரு நீள இறக்கத்தில் ஹெப்சிபா
"ஆ" என்று வாயைத் திறந்தவள் மூடவேயில்லை.
குலுங்கிக் குலுங்கி அந்த ஒற்றை ஆ
நூறு துண்டாகிக் கீழே போய்ச் சேர்ந்தது.

ஏரிக்கரையில் புங்கமரத்தடியில்
கூடாரத்துக்கு முளை அடித்தோம்.
அந்தச் சத்தம்தான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.
நூடுல்ஸ் வேகுமுன்
மூன்று டார்ச் வெளிச்சங்கள் கரையேறி வந்தன.

"ரோடு அளக்க வந்து கீறீங்களா?"

கேட்டவள் தேசம்மாள். என் வயதுதான் இருக்கும்.
கூடாரத்தை ஆபீஸ் என்று நினைத்துவிட்டாள்.
ஜல்லி கொட்டி ஒன்றரை வருஷமாம்.
தார் பின்னாலேயே வருகிறது என்று சொல்லிவிட்டு
ரோலரை ஓட்டிக்கொண்டு போனவர்கள்தானாம்.
டார்ச் பிடித்த கையைப் பார்த்தேன்.
பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது.
மணிக்கட்டு, முள்கரண்டியின் கழுத்துபோல
வளைந்து கூடியிருந்தது.
"எங்க விழுந்தீங்க?"
"இங்கதான். பால் கேனோட."
"படம் எடுத்தீங்களா?"
"புத்தூர் கட்டு போட்டுக்கினேன்.
நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க, அதச் சொல்லுங்க."

"சும்மாக்கா. சைக்கிள் ஓட்ட."

"சும்மாவா," என்றாள்.
பின்னால் நின்ற பையனிடம் திரும்பி
"சும்மாவாம்டா" என்றாள்.
கோபமில்லை. கணக்கில் உதைக்கும் ஒரு எண்ணை
இன்னொரு தரம் படித்துப் பார்ப்பதுபோல.
போகும்போது,
"கரையில பாம்பு கீது, ஷூவ உள்ளாற வச்சுக்கோங்க."

நூடுல்ஸ் கூழாகியிருந்தது. தின்றோம்.
யாரும் போட்டோ எடுக்கவில்லை.
தப்ரேஸ் ஷூக்களை எடுத்துத் தலைமாட்டில் வரிசையாக வைத்தான்.
முதுகுக்கடியில் ஒரு கல்.
இரண்டு முறை தேடினேன், கிடைக்கவில்லை.

காலையில் வேறு பாதையில் இறங்கினோம்.
அதுவும் ஜல்லிதான்.
ஹெப்சிபா மறுபடி வாயைத் திறந்தாள்.
பொய் சொல்வானேன், நானும் திறந்தேன்.

தார் போட்டுவிட வேண்டும்.
போட்டுவிட்டால் நாங்கள் வேறு ரோடு தேடுவோம்.
இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தேன்,
பள்ளிகொண்டா வரும்வரை வரவில்லை.

திங்கள் காலை, முதல் டோக்கன்.
"கையை அசைக்காதீங்க" என்கிறேன்.
பொத்தான் மேல் என் கட்டைவிரல்
இன்னும் ஜல்லியில் போய்க்கொண்டிருக்கிறது.